மூளைக்காயத்திற்குப் பின் நடத்தை மாற்றங்கள்: குடும்பத்தினருக்கான வழிகாட்டி

சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், தாக்குதல் ஆகியவற்றால் தலையில் பலத்த காயமடைந்த ஒருவர், புண்கள் ஆறி வீடு திரும்பிய பின்னரும் முன்போல் நடந்துகொள்ளாமல் இருக்கலாம். அமைதியானவர் சிறு விஷயத்திற்கும் சினம் கொள்வார். சுறுசுறுப்பானவர் நாள் முழுவதும் படுத்தே கிடப்பார். இதனைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ குடும்பத்தினர் தவறாகக் கருதுவதுண்டு. இவை காயமுற்ற மூளையின் அறிகுறிகள் என்பதைப் புரிந்துகொள்வதே உதவியின் முதற்படியாகும்.

ஏன் ஏற்படுகின்றன?

தலையில் அடிபடும்போது மண்டையோட்டிற்குள் மூளை அசைகிறது. அப்போது மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதிகளும் மண்டையோட்டின் கரடுமுரடான உட்பகுதியில் மோதி எளிதில் காயமடைகின்றன. சினத்தை அடக்குதல், பேசுமுன் சிந்தித்தல், திட்டமிடுதல், ஒரு செயலைத் தானாகத் தொடங்குதல் ஆகியவற்றை முன்பகுதி கட்டுப்படுத்துகிறது. நுண்ணிய நரம்பிழைகள் அறுபடும்போது சி.டி. ஸ்கேன் இயல்பாகத் தோன்றினாலும் நடத்தை மாற்றம் ஏற்படலாம்.

பொதுவான மாற்றங்கள்

• எரிச்சல், திடீர்ச் சினம், பொருள்களை வீசுதல்
• இடம் பொருள் அறியாது பேசுதல், பாலியல் தொடர்பான தகாத பேச்சு அல்லது செயல்
• குளித்தல், உண்ணுதல் போன்றவற்றைக்கூடச் சொன்னால் மட்டுமே செய்தல்
• ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல்
• காரணமின்றி அழுதல் அல்லது சிரித்தல்
• தமக்குக் குறை ஏதும் இல்லை என உறுதியாக நம்புதல்

இறுதியாகக் கூறப்பட்டதும் காயத்தின் விளைவே. தம் குறையை உணரும் ஆற்றலே பாதிக்கப்பட்டிருப்பதால், வாதிட்டு அவரை ஒப்புக்கொள்ளச் செய்ய இயலாது.

முதலில் உடற்காரணங்களை அறிக

நடத்தை திடீரென மோசமடைந்தால் வலி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உறக்கமின்மை, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை காரணமாகலாம். வலிப்பைத் தடுக்கக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் எரிச்சலை உண்டாக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவரிடம் கூறினால் அவர் மருந்தை மாற்றித் தருவார்.

குறிப்பேடு எழுதுக

ஒவ்வொரு நிகழ்வையும் மூன்று வரிகளில் எழுதி வைக்கவும்: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னர் மற்றவர்கள் என்ன செய்தனர். எடுத்துக்காட்டாக, மாலை ஆறு மணிக்கு மேல்தான் சத்தமிடுகிறார், அந்நேரத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது, உறவினர்கள் வந்து பேசுகின்றனர் என்பது இரு வாரக் குறிப்புகளில் தெரியவரலாம். அவ்வாறெனில் பிற்பகலில் ஒரு மணிநேர ஓய்வு அளித்து, உறவினர்களை முற்பகலில் ஒருவர் இருவராக வரச் சொன்னாலே சினம் குறையக்கூடும். இக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டவும்.

அன்றாட வாழ்வில் செய்ய வேண்டியவை

• எழுதல், குளியல், உணவு, பயிற்சி, ஓய்வு ஆகியவற்றுக்கு மாறாத நேரம் வகுத்து, சுவரில் எழுதி ஒட்டவும்.
• ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், ஒரு செய்தியை மட்டும் சிறு வாக்கியங்களில் கூறவும். பதிலுக்குச் சற்றுக் காத்திருக்கவும்.
• “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்பதைவிட “இட்லியா, தோசையா?” என்று கேட்பது அவருக்கு எளிது.
• நல்ல நடத்தையை அந்த நொடியிலேயே பாராட்டவும்.
• தகாத பேச்சிற்குச் சிரிக்கவோ திட்டவோ வேண்டாம். “இவ்வாறு பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை” என்று அமைதியாகக் கூறிப் பேச்சை மாற்றவும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும்.

சினம் பொங்கும் வேளையில்

குரலைத் தாழ்த்திப் பேசவும். கை நீளும் தொலைவுக்கு அப்பால், வெளியேறும் வழி உங்கள் பக்கம் இருக்குமாறு நிற்கவும். சத்தத்தைக் குறைத்து, சிறுவர்களை அப்புறப்படுத்தவும். அடிக்க முற்பட்டால் அவ்விடத்தைவிட்டு விலகி உதவிக்கு அழைக்கவும். அவரைக் கட்டிவைத்தலோ அறையில் பூட்டுதலோ அச்சத்தையும் சினத்தையும் பெருக்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம். மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 தடை செய்கிறது.

பாதுகாப்பு

மருத்துவர் அனுமதிக்கும் வரை இருசக்கர வாகனம் உட்பட எவ்வாகனத்தையும் ஓட்ட விடாதீர்கள். மது முற்றிலும் கூடாது. அது வலிப்பையும் சினத்தையும் தூண்டும். எரிவாயு அடுப்பு, கூரிய கருவிகள், பூச்சிமருந்து ஆகியவற்றில் கவனம் தேவை. பெருந்தொகை கொடுக்கல் வாங்கல், பத்திரங்களில் கையெழுத்திடுதல் ஆகியவற்றில் நம்பகமான குடும்பத்தினர் உடனிருக்க வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நிலைகள்

• அதிகரிக்கும் தலைவலி, தொடர் வாந்தி, மிகுந்த மயக்கம்
• வலிப்பு
• கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர்க் குழப்பம்
• தற்கொலை எண்ணம், தம்மையோ பிறரையோ தாக்க முயலுதல்

முதியோர், மதுப் பழக்கமுள்ளோர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் ஆகியோருக்கு அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கக்கூடும். எனவே நாள் கடந்துவிட்டது என அலட்சியம் கூடாது. அவசரத்திற்கு 108-ஐ அழைக்கவும்.

பராமரிப்பவரின் நலன்

பெரும்பாலும் மனைவியோ தாயோ ஒருவரே இச்சுமையைத் தாங்குகிறார். உயிரோடிருப்பவரை இழந்துவிட்டதுபோல் துயரப்படுவது இயல்பே. அதில் குற்றவுணர்வு வேண்டாம். வாரத்தில் சில மணிநேரமாவது மற்றொருவர் பொறுப்பேற்க வேண்டும். குழந்தைகளிடம் “அப்பாவின் தலையில் அடிபட்டதால் கோபம் வருகிறது, உன்மேல் தவறில்லை” என்று சொல்லவும். உறக்கமின்மையோ தொடர் மனச்சோர்வோ இருப்பின் நீங்களும் சிகிச்சை பெற வேண்டும்.

எங்கே உதவி பெறலாம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல், மனநலப் பிரிவுகளையும், மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரையும் அணுகலாம். மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்), தமிழ்நாட்டில் மருத்துவத் தகவல்களுக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். நீடித்த குறைபாடு இருப்பின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டை மருத்துவரிடம் கேட்கவும்.

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் பொதுவாக வேகமாக இருக்கும். பின்னர் மெதுவாகப் பல ஆண்டுகள் தொடரலாம். பழைய நிலையுடன் ஒப்பிடாமல், சென்ற மாதத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்.