பெயர் எழுதாத கோடுகள்

ஆடுபுலி ஆட்டத்தை நான் கற்றது ராயப்பன்பட்டியில், ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து. கோடுகள் கல்லில் வெட்டியவை. யார் வெட்டியது என்பது ஆடு மேய்க்க வந்த பெரியவருக்கும் தெரியாது. அவர் 3 கூழாங்கற்களைப் பொறுக்கி "இது புலி" என்றார். 15 புளியங்கொட்டைகளை என் பக்கம் தள்ளி "இது ஒன்னோட ஆடு" என்றார். கல்லில் வரி இல்லை, கொட்டையில் கொம்பு இல்லை. அவர் சொன்னார், அவை புலியும் ஆடும் ஆயின.

இது மீண்டும் நினைவுக்கு வரக் காரணம், கணினித் திரையில் ராஜேந்திர சோழன் படை நடத்தும் ஆட்டம் ஒன்றைத் தங்கை மகன் எனக்குக் காட்டியது. திரையெங்கும் சித்திரம், திரையெங்கும் எழுத்து. ஆட்டப் பலகைக்குச் சித்திரமும் எழுத்தும் எதற்காக வந்து சேர்கின்றன? உருவம், உள்ளடக்கம் என்று இத்தனை காலம் சண்டையிட்ட நாம் இந்தப் பலகைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆடுபுலிக்கு 23 புள்ளிகள். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரனுக்கு ஜெயம். இரு தரப்பும் சமமில்லாத போர் இது. வலிமை ஒரு பக்கம், எண்ணிக்கை மறு பக்கம். இந்த அரசியலைச் சொல்ல ஒரு சித்திரமும் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கல்லில் உருவமும் எழுத்தும் வெட்டத் தெரியாத பிரதேசமல்ல இது. பக்கத்து உத்தமபாளையத்தில் சமணப் பாறைச் சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. அங்கே எழுத்து, செய்வித்தவனின் உரிமை. ஆடுபுலிக் கோட்டுக்கு உரிமைக்காரன் கிடையாது. தமிழ்நாட்டின் எத்தனையோ கோவில் மண்டபத் தரைகளிலும் அது இப்படித்தான் அநாமதேயமாகக் கிடக்கிறது.

பரமபதம் இதற்கு நேர் எதிர். அதில் சித்திரமும் எழுத்தும் இல்லாத கட்டம் அபூர்வம். கீழ் வரிசைகளில் பிராணிகள், மேலே போகப் போக ரிஷிகளும் தேவர்களும், உச்சியில் வைகுண்டம். ஏணிகள் புண்ணியம், பாம்புகள் பாவம். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க அதை ஆடுகிறார்கள். ஆனால் ஆடுகிறவன் செய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? தாயம் உருள்கிறது, காய் நகர்கிறது. அவன் நின்ற கட்டத்தில் அவனுக்கான தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. யோசனைக்கு இடமே இல்லாத பலகையில்தான் எழுத்து இவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்பது தற்செயல் அல்ல என்று எனக்குப் படுகிறது.

எங்கள் ஊர் கிறிஸ்தவர் நிறைந்த ஊர். மாதா கோவில் சுவரில் சிலுவைப் பாதையின் 14 ஸ்தலங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பரமபதம் அந்நியமாகத் தோன்றாது. எண், சித்திரம், அதன் கீழ் ஒரு வாசகம், பிறகு அடுத்த ஸ்தலம். பாதை வகுத்தாகிவிட்டது, நடப்பது ஒன்றே நம் வேலை. பக்தியில் இதுவே கதி, அங்கே அது குறையல்ல.

இந்தப் பலகை இங்கிலாந்துக்குப் போய் 1892இல் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பிராணியும் ரிஷியும் உதிர்ந்து, சோம்பலுக்குத் தண்டனை, உழைப்புக்கு வெகுமதி என்று விக்டோரிய நீதி வந்து உட்கார்ந்தது. பிறகு அதுவும் கழன்று எண்களும் பாம்பும் ஏணியும் மிஞ்சின. எழுத்தை மாற்றிவிட்டால் மோட்சம் பள்ளிக்கூட ஒழுக்கமாகிவிடும். கோடு அப்படியேதான் இருக்கிறது.

மருமகன் காட்டிய ஆட்டம் 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 2013இல் வந்த அதன் விரிவாக்கத்தில் நாமெல்லாம் 'இந்தியர்' என்ற ஒரே பெயருக்குள் இருந்தோம். 2022இல் அதைப் பிரித்தார்கள், 'திராவிடர்' என்று ஒரு தரப்பு வந்தது. அந்தத் தரப்பின் வீரனுக்குப் பெயர் உறுமி. கம்பம் பள்ளத்தாக்கில் உறுமி என்றால் சாமி கும்பிடும்போது முழங்கும் தோல்கருவி. ஆட்டத்தில் அது வளையும் வாள், கேரளத்துக் களரியில் வழங்கும் பெயர். போர்க்கப்பலுக்குப் பெயர் திரிசடை. நமக்குத் திரிசடை அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள். பெயர்கள் பிழை என்று வாதிட வரவில்லை. பெயரிட்டவன் நம் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை என்பதே என் பேச்சு. பாறையில் பெரியவரிடம், "இது ஏன் புலி?" என்று கேட்டிருக்கலாம்.

ஆனால் இந்த ஆட்டத்தைப் பரமபதத்தோடு சேர்த்துவிட முடியாது. இதில் தீர்மானம் ஆடுகிறவனுடையது. அதோடு ஒரு விசித்திரத்தையும் கவனித்தேன். திரையின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்னச் சித்திரப் பொத்தான்கள். அம்பை அதன் மேல் கொண்டுபோனால் விளக்க எழுத்து விரிகிறது. கற்கிறவனுக்கு எழுத்து, கொஞ்சம் கற்றவனுக்குச் சித்திரம். நன்றாக ஆடத் தெரிந்த என் மருமகன் இரண்டையும் பார்ப்பதில்லை. விரல்கள் விசைப்பலகையில் ஓடுகின்றன, கண் வேறெங்கோ வழியையும் தூரத்தையும் அளக்கிறது. அவன் அளவில் சோழனும் கப்பலும் உதிர்ந்து வெறும் புள்ளியும் கோடும் மிஞ்சிவிட்டன. ஆடுபுலிப் பாறைக்கே திரும்பிவிட்டான். யுக்தி முற்றும்போது அலங்காரம் கழன்றுவிடுகிறது.

அப்படியானால் எழுத்து யாருக்கு? வாசலில் நிற்கும் புதியவனுக்கு. அவனை எந்த மொழியில் உள்ளே அழைக்கிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பும் இந்த ஆட்டத்தின் திரையை இந்தியில் படிக்கலாம். தமிழில் படிக்க முடியாது. சந்தைக் கணக்கு என்பார்கள். திரையில் தமிழை ஏற்ற முயன்றவர்களுக்கு வேறு தொல்லையும் தெரியும். 'கெ' என்பதன் கொம்பு நம் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும், கணினி அதைக் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. முறைப்படுத்திக் காட்டும் பகுதி ஆட்டத்தின் நிரலில் இல்லையென்றால் கொம்பு பின்னால் போய் அநாதையாக நிற்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் வழியும். இவை தீர்க்கக்கூடியவை. தீர்க்க வேண்டியவர்களில் நாமும் உண்டு.

நம் சித்திரமும் நம் எழுத்தும் வந்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். பரமபதம் நம் எழுத்துதான், அது யாரையும் யோசிக்க விடவில்லை. பலகை நிறைய அர்த்தத்தை அச்சடித்துக் கொடுப்பது நம் பத்திரிகைக் கவிதைகளுக்கும் இருக்கும் நோய். படிக்கிறவன் கையில் ஒரு கூழாங்கல்லாவது மிச்சம் வைக்க வேண்டும்.

அன்று மாலை வீட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கோடுகளைப் போட்டேன். மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல புலி எங்க மாமா?" என்றான். கொல்லைக்குப் போய் 3 கல் பொறுக்கி வரச் சொன்னேன்.