உதவியா, கையேடா?

கட்டளை வரியில் ஒரு நிரலின் பெயரோடு ‘ஹெல்ப்’ என்று சேர்த்துத் தட்டினால், அதை இயக்கும் விதம் சில வரிகளில் திரையில் வரும். தமிழாக்கங்கள் இதை ‘உதவி’ என்கின்றன. எனக்கு அது நெருடுகிறது. உதவி என்பது ஒருவர் இன்னொருவருக்குத் தேவையறிந்து செய்வது. குறளின் செய்ந்நன்றியறிதலில் அதற்கு அந்தக் கனம்தான். திரையில் வருவதோ, நிரலை எழுதியவர் முன்கூட்டியே உள்ளே எழுதிவைத்த குறிப்பு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் விரிவான விளக்கத்தைக் காட்டும் கட்டளை ‘மேன்’, அதாவது மேனுவல். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி பெயர்களோடு அந்த மேனுவலின் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. மேனுவலின் லத்தீன் வேர் ‘மனுஸ்’, பொருள் கை. நம் கையேட்டிலும் கைதான் முன்னே நிற்கிறது. பின்னே வரும் ஏடு இன்னும் வளமான சொல்: பூவிதழ், எழுதும் ஓலை, புத்தகத் தாள், பிறகு நாளேடு, வார ஏடு என்று பொருள் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. பாலின் மேல் படிவதையும் ஏடு என்பார்கள். ஆகவே விரிவான ஆவணத்துக்குக் கையேடு என்பதே என் தேர்வு. சில வரிச் சுருக்கத்துக்குப் ‘பயன்முறை’ போதும். தமிழில் நிரல்களுக்கு விளக்கம் எழுதுவோர் இவ்விரண்டையும் புழங்கிப் பாருங்கள்.