கன்னக்களவில் மறுகுற்றம்: தண்டனை அதிகாரப் பிழையும் திருத்தமும்

பழவேற்காடு ஏரியோரம், கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள சுண்ணாம்புக்குளம் போன்றதோர் ஊரில், குடும்பம் வெளியே சென்றிருந்த இரவில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டுப் பண்டங்கள் களவுபோனால், அக்குற்றத்துக்குச் சட்டம் வகுத்துள்ள உச்ச தண்டனை ஒன்று. அதை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய உச்ச தண்டனை வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே அதிகார வரம்புப் பிழை பிறக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 457ஆம் பிரிவு, களவை நாடி இரவில் வீடு புகுந்தவனுக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை விதிக்க இடந்தந்தது. எனினும், அதே வழக்கை விசாரிக்கும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி மூன்றாண்டுக்கு மேல் விதிக்க இயலாதிருந்தது; 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வரம்பு இரண்டாண்டாகவே இருந்தது. முன்னரே இத்தகைய குற்றத்தில் தண்டனை பெற்றவனுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஆயுள் சிறையோ பத்தாண்டு வரையிலான சிறையோ விதிக்க வழிசெய்தது. ஆனால் அப்பிரிவு குற்றத்தின் தண்டனையை உயர்த்திற்றேயன்றி, நீதிமன்றத்தின் அதிகாரத்தை உயர்த்தவில்லை. ஆகையால், தம் அதிகாரத்துக்குட்பட்ட தண்டனை போதாதென்று கருதும் மாஜிஸ்திரேட், ஏழாண்டு வரை விதிக்கவல்ல தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்கோ, செஷன்ஸ் நீதிமன்றத்துக்கோ வழக்கை அனுப்ப வேண்டுமென்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 324ஆம் பிரிவு விதித்தது. முந்திய தண்டனையை நிரூபிக்கப் பெயரும் தகப்பன் பெயரும் ஒத்திருப்பது போதாது. ஆள் அவனே என்பதும் ஐயமற நிறுவப்பட வேண்டும்.

ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவிக் கிடப்பதால், ஒரு கரையில் களவுபோன பொருள் மறுகரையில் அகப்படுவது இயல்பே. களவை, நடந்த இடத்திலும் பொருள் கைவசமிருந்த இடத்திலும் விசாரிக்கலாம். தவறான ஸ்தலத்தில் விசாரித்த ஒரே காரணத்தால், நியாயத்துக்குப் பங்கம் நேராதவரை, தீர்ப்பு வீழ்ந்துவிடாது. தண்டனை வரம்பை மீறிய பிழையோ அவ்வளவு எளிதில் பொறுக்கத்தக்கதன்று. மிகையாக விதிக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் சட்டத்தின் ஆதாரமின்றிக் கழிக்கப்படும் சிறைநாளாகும்.

தீர்ப்பில் கையெழுத்திட்ட பின்னர், எழுத்துப்பிழை, கணக்குப்பிழை நீங்கலாக வேறெதையும் திருத்த அந்நீதிமன்றத்துக்கு உரிமையில்லை. ஆதலால் பரிகாரம் அப்பீலிலும் சீராய்விலுமே கிடைக்கும். குற்றத்தீர்ப்பை நிலைநிறுத்தி, மிகையை மட்டும் குறைப்பது சாத்தியமே. மறுபுறம், மேல்நீதிமன்றத்துக்கு அனுப்பியிருக்க வேண்டிய வழக்கில் மாஜிஸ்திரேட் தாமே தீர்ப்பளித்துவிட்டால், அப்பீல் நீதிமன்றம் அக்குறையை ஈடுசெய்யத் தண்டனையைத் தாராளமாக உயர்த்திவிட முடியாது. கீழ்நீதிமன்றம் விதித்திருக்கக்கூடியதற்கு மேல் விதிக்கலாகாதென்று அதே நடைமுறைச் சட்டத்தின் 386ஆம் பிரிவு தடுத்தது. இந்தத் தடை மிகவும் நியாயமானதென்பதே நம் கருத்து. நீதிமன்றத்தின் கவனக்குறைவுக்குக் கைதி விலை கொடுக்கலாகாது.

பல வழக்குகளின் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போதும் இதே அநீதி தலைகாட்டுகிறது. உத்தரப் பிரதேசத்தில் மின்சாதனத் திருட்டு வழக்குகள் ஒன்பதில், ஒவ்வொன்றுக்கும் இரண்டாண்டாக ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை பதினெட்டு ஆண்டாக நீளவிருந்தது. உயர்நீதிமன்றம் தலையிட மறுத்த அவ்வழக்கில், 2022 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ஏககாலத்தில் அனுபவிக்க ஆணையிட்டது.

1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் மூன்றாண்டு, ஏழாண்டு வரம்புகள் மாறவில்லை. சிறையிலிருப்பவர் தம் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவ்வதிகாரியின் சட்டக் கடமை.