ஃப்ரிஹிலியானாவின் பன்னிரண்டு பலகைகள்

ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் நெர்ஹா என்று ஒரு ஊர். அங்கிருந்து பஸ் பிடித்து மலைப்பக்கம் ஆறு கிலோமீட்டர் ஏறினால் ஃப்ரிஹிலியானா வந்துவிடும். மலகா மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் முந்நூறு மீட்டர் உயரத்தில், மூவாயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். வீடு எல்லாம் வெள்ளை. சந்துகளில் கூழாங்கல்லைப் பதித்துக் கோலம் மாதிரி தரை போட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. பஸ்ஸில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டோ எடுக்க வந்தவர்கள்தான். பொய் சொல்வானேன், நானும் அதற்குத்தான் போனேன்.

பழைய ஊருக்குள் மேலே மேலே ஏறும் சந்துகளில், சுவரில் பீங்கான் ஓடுகளால் ஆன பலகைகள் பதித்திருப்பதைப் பார்த்தேன். முதலில் ஏதோ தெருப்பெயர் என்று நினைத்தேன். நின்று, போனில் மொழிபெயர்த்துப் படித்தால், அது ஒரு போரின் கதை. மொத்தம் பன்னிரண்டு பலகைகள். ஒன்று முடியும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் ஏறினால் அடுத்தது. போட்டோ எடுப்பதை விட்டுவிட்டு அந்தப் பன்னிரண்டையும் தேடிப் படித்ததில் அரைநாள் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபின் இது தொடர்பாகப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே குறித்து வைக்கிறேன்.

பலகைகள் சொல்லும் கதை

1487-ல் பக்கத்து நகரமான வேலெஸ்-மலகா அரசர் ஃபெர்தினாந்திடம் சரணடைந்தது. அதோடு இந்த மலைக் கிராமங்களும் கிறிஸ்தவ அரசின் கீழ் வந்தன. 1492 ஜனவரி 2-ல் கிரனாடாவும் கைமாறியது. முஸ்லிம்கள் தங்கள் மதத்தையும் சட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்பது கிரனாடா சரணடைந்தபோது போட்ட ஒப்பந்தம். அது பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. 1499-ல் தொலேதோ பேராயர் சிஸ்னெரோஸ் கிரனாடாவுக்கு வந்து கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். 1502-க்குள் காஸ்தீல் ஆட்சிப் பகுதி முழுக்க, மாறு அல்லது வெளியேறு என்ற நிலை. அப்படி மாற்றப்பட்டவர்களுக்குத்தான் மொரிஸ்கோக்கள் என்று பெயர்.

அடுத்த அறுபது வருஷம் ஒருமாதிரி ஓடியது. பேருக்குக் கிறிஸ்தவர்கள், வீட்டுக்குள் அரபி பேச்சு, பழைய உடுப்பு, பழைய சமையல். 1567 ஜனவரி 1-ல் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை கிரனாடாவில் அறிவிக்கப்பட்டது. மூன்று வருஷத்துக்குள் அரபியை விட்டுவிட்டு காஸ்தீலிய மொழிக்கு மாற வேண்டும். பழைய உடை கூடாது, பெண்கள் முகத்தை மூடக் கூடாது, குளியல்கூடங்கள் கூடாது, அரபிப் பெயர்கள் கூடாது.

இதை எதிர்த்து ஃப்ரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற முதிய மொரிஸ்கோ பிரபு ஒரு நீண்ட மனு எழுதிக் கொடுத்தார். அவசியம் தேடிப் படிக்க வேண்டிய ஆவணம் அது. எங்கள் உடை மதம் சார்ந்தது அல்ல, வட்டாரம் சார்ந்தது என்கிறார். கிழக்கே கிறிஸ்தவர்களே அரபி பேசுகிறார்கள், அப்புறம் மொழி எப்படி மதமாகும் என்று கேட்கிறார். குளியல்கூடம் அழுக்குப் போகத்தான் என்கிறார். ஒவ்வொன்றும் நிதானமான வாதம். எதுவும் எடுபடவில்லை.

1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்புஹார்ரா மலைகளில் கலகம் வெடித்தது. 1569 வசந்தத்தில் அது ஃப்ரிஹிலியானா பக்கமும் பரவியது. சுற்று வட்டாரக் கிராம மக்கள் பெண்கள், குழந்தைகளோடு ஊருக்கு மேலே இருக்கும் பாறைமலையில் போய் அரண் அமைத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் படை முதலில் ஒருமுறை மேலே ஏறப் பார்த்துத் தோற்றது. அதன்பின் இத்தாலியிலிருந்து கப்பல்களில் அனுபவமுள்ள சிப்பாய்களோடு லூயிஸ் தே ரெகெசென்ஸ் வந்து இறங்கினார். பின்னாளில் லெபாந்தோ கடற்போரில் பங்கெடுத்து, நெதர்லாந்தின் ஆளுநராகவும் ஆன அதே ஆள்தான்.

1569 ஜூன் 11. மலை விழுந்தது. இறந்த மொரிஸ்கோக்கள் சுமார் இரண்டாயிரம் என்பது அக்கால வரலாற்றாசிரியர் கணக்கு. பெண்களும் கல்லெறிந்து சண்டை போட்டார்கள் என்றும், முடியாது என்று தெரிந்ததும் பிடிபடுவதைவிட மேல் என்று பலர் பாறை விளிம்பிலிருந்து குதித்தார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். பிடிபட்டவர்கள் அடிமைகளானார்கள். 1570-ல் கிரனாடா நாட்டு மொரிஸ்கோக்கள் சுமார் எண்பதாயிரம் பேர் காஸ்தீலின் உள்பகுதிகளுக்கு விரட்டப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் சுமார் மூன்று லட்சம் பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

எழுதியவர் யார்?

இந்தப் போரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி லூயிஸ் தெல் மார்மோல் கார்வஹால் எழுதியது. அவர் அரச படையின் தளவாட வேலையில் இருந்தவர். 1600-ல் மலகாவில் அச்சான அவர் புத்தகத்தின் தலைப்பிலேயே 'கலகமும் தண்டனையும்' என்று வருகிறது. ஆக, பாறையிலிருந்து குதித்த பெண்களைப் பற்றி நாம் அறிவது, அவர்களைத் தோற்கடித்த தரப்பின் எழுத்து வழியாக. பாவப்பட்டுச் சொன்னாலும் அது ஜெயித்தவர் சொன்ன கதைதான்.

பலகைகளைப் பதித்தவர்கள் யார்? தோற்றவர்களின் வாரிசுகள் அல்ல. அவர்கள் விரட்டப்பட்டபின் காலியான வீடுகளிலும் வயல்களிலும் வேறு இடங்களிலிருந்து கிறிஸ்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இன்றைய ஊரின் வேர் அந்தக் குடியேற்றம்தான். அங்கே நின்றபோது, இப்படி வெளிப்படையாகத் தோல்வியை நினைவுகூரும் ஊர் அபூர்வம் என்று பாராட்டத்தான் தோன்றியது. பிறகு யோசித்தால், அதைக் கேட்டு வருத்தப்படவோ கணக்குக் கேட்கவோ அந்த ஊரில் யாரும் இல்லை.

மிச்சம் இருப்பது

ஆளே இல்லை என்றாலும் அடையாளம் இருக்கிறது. வயலுக்குப் பாயும் வாய்க்காலுக்கு அங்கே அசேகியா என்று பெயர், அரபிச் சொல். ஊரில் ஒரு தெருவின் பெயர் சகாத்தீன், அதுவும் அரபி. எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டு முழுசாகப் புதிதாக எழுதியிருப்போம். ஆனால் வேரியபிள் பெயர்கள் மட்டும் முன்னால் எழுதினவன் வைத்ததாகவே இருக்கும். அந்த மாதிரி.

ஊர் முகப்பிலேயே 'எல் இன்ஹேனியோ' என்று ஒரு பெரிய கட்டடம். மொரிஸ்கோக்கள் போனபின் இந்த ஊரைப் பெற்ற மன்ரீக்கே தே லாரா பிரபுக்களின் மாளிகை அது, பிறகு கரும்பாலை. இடிக்கப்பட்ட பழைய கோட்டையின் கற்களும் அதில் சேர்ந்திருக்கின்றன என்கிறார்கள். இன்றும் அங்கே கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் ஒரே ஆலை இதுதான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஸ்பானிஷில் 'கரும்புத் தேன்' என்று பெயர். கத்திரிக்காயைப் பொரித்து அதன்மேல் இதை ஊற்றித் தருகிறார்கள். ஒரு வாய் வைத்ததும், அட, நம்ம வெல்லப்பாகு ஆச்சே!

உண்மையிலேயே உறவு இருக்கிறது. கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள். ஸ்பானிஷ் 'அசூகர்' அரபி 'அஸ்-சுக்கர்' வழி வந்தது. அது பாரசீக 'ஷக்கர்', சமஸ்கிருத 'சர்க்கரா' என்று பின்னோக்கிப் போகும். நம் சர்க்கரையும் அதே குடும்பம். ஆரஞ்சுக்கு அங்கே 'நராங்ஹா'. அது 'நாரங்க' என்ற சமஸ்கிருதச் சொல்வரை போகிறது, அதற்கும் பின்னால் நம் நாரத்தையோடு தொடர்புள்ள திராவிட வேர் இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. இரண்டாம் ஃபிலிப் மொழியைத் தடை செய்தார். சர்க்கரையின் பெயரை அவரால் என்ன செய்ய முடிந்தது?

பலகை இல்லாத போர்

இந்தக் கதை 1569-ல் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே மலைகளில் இன்னொரு போர் நடந்திருக்கிறது. 1939-ல் உள்நாட்டுப் போரில் ஃப்ராங்கோ ஜெயித்தபின், 1940-களில் இந்த வட்டாரத்தில் கெரில்லாக்கள் இயங்கினார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைச் சொன்ன பெயர் 'மலைக்காரர்கள்'. ஃப்ரிஹிலியானாவிலிருந்து மட்டும் இருபது பேர் அளவில் மலையேறினார்கள். அத்தனை சின்ன ஊருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. இரவில் கெரில்லாக்கள் வந்து சாப்பாடு கேட்பார்கள். பகலில் சிவில் காவல்படை வந்து, கொடுத்தாயா என்று கேட்கும். வயலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு எடுத்துப் போனாலே சந்தேகம். இரண்டு பக்கமும் கொன்றார்கள். தலைவர் 'ரொபெர்த்தோ', அதாவது ஹோசே முன்யோஸ் லொசானோ, 1951-ல் மாட்ரிடில் பிடிபட்டு 1953-ல் கொல்லப்பட்டார்.

அதன்பின் பல பத்தாண்டுகள் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்த ஊரிலேயே வாழ்ந்த டேவிட் பேர்ட் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, கெரில்லா பக்கம், காவல்படை பக்கம் இரண்டையும் புத்தகமாக்கினார். வெளியாள் கேட்டதால்தான் பலரால் பேச முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மலைக்குப் போனவர் மகனும், காட்டிக் கொடுத்தவர் மகளும் அதே ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும் ஊரில், எதை எந்தச் சுவரில் எழுதுவது?

2006 முதல் ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் 'மூன்று கலாச்சாரத் திருவிழா' நடத்துகிறார்கள்: கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம். பாட்டு, சாப்பாடு, சந்தை. குறை சொல்லவில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் சந்துக்குள் இருக்கும் பன்னிரண்டு பலகைகளும் சொல்வது மூன்றும் சேர்ந்து வாழ்ந்த கதையை அல்ல.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகைகளை முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள். முடித்தபின் ஊருக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் 'எல் ஃபுவெர்த்தே' என்ற மலை தெரியும். 1569-ல் மக்கள் ஏறியது அங்கேதான். அதற்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளில்தான் 1940-களின் இளைஞர்களும் திரிந்தார்கள். அந்த இடத்தில் நின்றபோது, மலைக்குப் போன மகனுக்காக ராத்திரி கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்த அம்மாக்கள் இந்தத் தெருவில் எத்தனை பேரோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.