இசைத்தட்டும் நீராவியும்

சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரக்கிளைகளைப் பற்றி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கசியவிடும் அரக்கே, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகத்துச் சங்கீதத்தைத் தாங்கி நின்றது என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்கு உரிமை பெற்ற பின் பத்தாண்டுகளுக்குள், அவலரக்கும் கற்பொடியும் கரியும் கலந்த தட்டே எங்கும் வழக்கமாயிற்று. அதைச் சுத்தம் செய்ய நம் பெரியோர் கையாண்ட சாதனம் வெல்வெட் ஒட்டிய ஒரு சிறு கட்டைதான்; அதற்குமேல் தேவைப்படவுமில்லை. எஃகு ஊசியின் முனையைத் தடத்துக்கேற்பத் தேய்த்துக்கொள்வதும் அந்தக் கற்பொடியின் வேலையாதலால், தட்டின் சொந்த இரைச்சலே ஓயாத தூறலைப் போல் ஒலித்தது. அதனூடே தூசியின் சப்தம் தனித்துக் கேட்கவில்லை.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா ஸ்தாபனம் வினைலால் செய்த நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டதும் நிலைமை மாறிற்று. ஊசிமுனையின் ஆரம் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கிலிருந்து ஒரு பங்காகக் குறுகியது. பின்னணியில் நிசப்தம் குடிகொண்டது. அந்த நிசப்தத்தில் ஒரு துகள் சிக்கினாலும் அது வெடிப்போசையாகச் செவியைத் தாக்கியது. போதாக்குறைக்கு, உரசலால் மின்னூட்டம் ஏறும் சுபாவமுள்ள வினைல், அறையிலுள்ள தூசியையெல்லாம் தானே ஈர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் செசில் வாட்ஸ் என்பவர், ஊசிக்கு முன்னால் தடத்தைத் துடைத்துக்கொண்டே செல்லும் தூரிகைக் கருவியொன்றை அமைத்தார். லண்டன் ‘கிராமபோன்’ பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியரான பெர்சி வில்சன், 1960-களில், திரவத்தால் நனைத்துப் பின் அழுக்கு நீரை உறிஞ்சி எடுக்கும் யந்திரத்தைச் சிந்தித்தார்; அதைக் கீத் மாங்க்ஸ் தயாரித்து விற்றார். ஆனால் அத்தகைய யந்திரங்கள் வானொலி நிலையங்களுக்கும் செல்வர்களுக்குமே எட்டின.

எஞ்சிய அபிமானிகளில் சிலர், துணியின் சுருக்கத்தை நீக்கும் சிறு கருவியைக் கொண்டே நீராவியை நாடினார்கள். காய்ச்சி வடித்த நீரின் ஆவி தட்டின்மீது பட்டுக் குளிர்ந்து நுண்துளிகளாகும். அவ்வெம்மையில் கைரேகையின் எண்ணெய்ப் பசை நெகிழ, அதில் ஒட்டிய தூசியை மென்துணியால் ஒற்றியெடுத்துவிடலாம். ஆவியை ஓரிடத்தில் நிறுத்தலாகாது; நடுக்காகிதத்தில் படவிடலாகாது. வினைல் 70 டிகிரி சென்டிகிரேடை எட்டுமுன்பே இளகத் தொடங்கிவிடும். ஆலையில் அந்தத் தட்டுக்கு உருக்கொடுத்ததும், நீராவியால் காய்ச்சப்பட்டுத் தண்ணீரால் குளிர்விக்கப்பட்ட அச்சுகளே. தனக்கு உருவம் தந்த உஷ்ணம் மீண்டும் அளவுமீறி வந்தால், அது அவ்வுருவத்தைத் துறந்துவிடும்.

நம் நாட்டிலோ இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். இங்கே 1960-களிலும் அரக்குத்தட்டுகள் அச்சாகிவந்தமையால், பழைய வீட்டு அலமாரிகளில் இரு ஜாதிகளும் ஒரே கறுப்பு நிறத்தில் அருகருகே கிடக்கின்றன. அரக்குக்கோ ஆவியும் ஆகாது, சாராயம் கலந்த திரவமும் ஆகாது. முன்னது இளக்கும், பின்னது கரைக்கும். ஆகவே நான் நீராவிக் கருவியை ஏற்றுமுன் ஒவ்வொரு தட்டையும் கையிலேந்தி எடை பார்க்கிறேன். கனத்து, விரலால் தட்டினால் கணீரென்றால் அது அரக்கு. கே. பி. சுந்தராம்பாளின் பழைய தட்டொன்று அவ்விதம் ஒலித்தது. அதை உறையிலிட்டு வைத்துவிட்டு, வெல்வெட் கட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.