முடிந்த திட்டங்களின் கணக்கும் புதிய திட்டத்தின் மதிப்பீடும்

திட்டம் கெடுவைத் தாண்டும்போது மேலாளர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் உண்மையானவை. மழை பெய்திருக்கும், பொருள் வரத் தாமதமாகியிருக்கும், வரைபடம் மாறியிருக்கும், அனுபவமுள்ள ஒருவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஆனால் இவற்றுள் ஏதாவது ஒன்று ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் நேர்கிறது. அப்படியிருக்க, இவற்றை 'எதிர்பாராதவை' என்று அறிக்கையில் எழுதுவது பொருந்தாது. மதிப்பீடு தயாரான அன்றே பிழை நுழைந்துவிடுகிறது. எனவே மேலாளர் தம் கணக்கை, அதே வகையில் ஏற்கெனவே முடிந்த திட்டங்களின் பதிவிலிருந்து தொடங்க வேண்டும். தம் திட்டத்துக்கே உரிய கூறுகளை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிட்னியில் நடந்தது

இதற்கு மிக விரிவான சான்று சிட்னி ஓப்பரா ஹவுஸ். 1957இல் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வடிவமைப்பு போட்டியில் தேர்வானது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவில் 1963 ஜனவரிக்குள் முடியும் என்று கணக்கிட்டார்கள். கட்டடம் திறக்கப்பட்டது 1973 அக்டோபர் 20 அன்று, செலவு 10.2 கோடி டாலர். காலம் பத்தாண்டு தள்ளிப்போனது, செலவு பதினான்கு மடங்குக்கு மேல் ஏறியது.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜோ காஹில், அரசியல் ஆதரவு கலைந்துவிடுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். 1959இல் அடித்தளப் பணி ஆரம்பமானபோது, கட்டடத்தின் புகழ்பெற்ற, சிப்பி போன்ற கூரை ஓடுகளை எப்படி நிறுத்துவது என்று பொறியாளர் எவருக்கும் தெரியாது. எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைக்கலாம் என்ற தீர்வு 1961இல்தான் பிறந்தது. அதற்குள் எழுப்பியிருந்த தூண்களில் சில கூரையின் எடையைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை மறுபடி கட்ட நேர்ந்தது. 70 லட்சம் என்ற எண், எப்படிக் கட்டுவதென்றே தெரியாத ஒரு பொருளுக்குப் போட்ட விலை.

உட்பார்வையும் வெளிப்பார்வையும்

இத்தகைய தவறு அரசியல் அவசரம் இல்லாத இடத்திலும் நேர்கிறது. இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று 1979இல் பெயரிட்டவர்கள் உளவியலாளர்கள் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி. கானமனே இதில் சிக்கிய கதையைப் பின்னாளில் எழுதினார். இஸ்ரேலில் ஒரு பள்ளிப் பாடநூலை உருவாக்கும் குழுவில் அவர் இருந்தார். எல்லோரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு, பாடத்திட்டத் துறையில் தேர்ந்த உறுப்பினர் ஒருவரிடம், இதே போன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டார் கானமன். ஏறக்குறைய நாற்பது சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவை ஏழு முதல் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டன என்றார் அவர். இரண்டாண்டு என்று சற்றுமுன் எழுதியவர்களுள் அவரும் ஒருவர்! தகவல் தலையில் இருந்தும் மதிப்பீட்டுக்குள் வரவில்லை. தம் திட்டத்தை மட்டும் பார்த்துக் கணிப்பது உட்பார்வை, அதே வகைத் திட்டங்களின் பதிவைப் பார்த்துக் கணிப்பது வெளிப்பார்வை. அந்த நூல் எட்டு ஆண்டுகளில் முடிந்தது.

1994இல் உளவியலாளர்கள் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாள்களில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட 48.6 நாள்கள் போதும் என்றார்கள். ஆனது 55.5 நாள்கள்.

இந்த இரண்டாவது எண் மேலாளர்களுக்கு முக்கியமானது. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறை, ஒவ்வொரு வேலைக்கும் நல்ல நிலை, சாதாரண நிலை, மோசமான நிலை என மூன்று கணிப்புகளைக் கேட்கிறது. முறை சரியானதே. ஆனால் மூன்றையும் ஒரே மனம் தன் கற்பனையிலிருந்தே எடுத்தால், மோசமான கணிப்பும் நம்பிக்கைக் கணிப்பாகவே இருக்கும். சூத்திரத்தில் போடும் எண்கள் பழைய பதிவிலிருந்து வர வேண்டும். பிரிட்டன் நிதியமைச்சகம் இதை உணர்ந்து, பொதுத்திட்ட மதிப்பீடுகளில் மிகை நம்பிக்கையை ஈடுகட்டத் தொகையையும் காலத்தையும் உயர்த்திக் காட்டுமாறு 2003இல் வழிகாட்டுதல் தந்தது.

மறுப்பும் விடையும்

உண்மையான செலவு முன்பே தெரிந்திருந்தால் பெரிய காரியம் எதுவும் தொடங்கியே இருக்காது என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967இல் வாதிட்டார். அறியாமை துணிவைத் தருகிறது, துணிவு திறமையை வெளிக்கொணர்கிறது என்பது அவர் கருத்து. சிட்னிக் கட்டடம் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம் என்பது இந்த வாதத்துக்கு வலுச்சேர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் ஃப்ளூபியா, சன்ஸ்டைன் இருவரும் 2000க்கு மேற்பட்ட திட்டங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் செலவு கூடியதோடு பயனும் குறைந்திருந்தது. சிட்னியிலும் ஒருவர் பெரும் விலை கொடுத்தார். செலவுச் சண்டையில் 1966இல் விலகிய உட்சன், கட்டி முடிந்த தம் படைப்பை நேரில் பார்க்கவே இல்லை.

இன்னொரு மறுப்பு: காலத்தைத் தாராளமாகக் கொடுத்தால் வேலையும் இழுத்துக்கொண்டே போகும் என்பது. எழுத்தாளர் பார்க்கின்சன் 1955இல் சொன்ன இந்த விதியில் உண்மை உண்டு. அதனால் உபரி நாள்களை ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்துவைக்கக் கூடாது. மொத்தமாக ஒரே இடத்தில் வைத்து, மேலாளர் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மேலாளரின் கடமை

மதிப்பீடு வேறு, இலக்கு வேறு. "மார்ச்சுக்குள் முடியுமா?" என்று மேலிடம் கேட்டால், எண்ணைக் குறைப்பது பதிலாகாது, மார்ச்சுக்குள் எந்தப் பகுதிகள் முடியும் என்று சொல்வதே நேர்மையான பதில். ஒற்றைத் தேதிக்குப் பதிலாக, பாதி வாய்ப்புள்ள தேதி ஒன்றும் எண்பது சதவீத வாய்ப்புள்ள தேதி ஒன்றும் தர வேண்டும். வடிவமைப்பு தெளிவடையும் ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

இந்தியாவில் இதற்கான பதிவு இல்லாமல் இல்லை. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களின் தாமதத்தையும் கூடுதல் செலவையும் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் தொடர்ந்து அறிக்கையாக வெளியிட்டுவந்திருக்கிறது. சிறு நிறுவனங்களும் தங்களுக்கென்று இப்படி ஓர் ஏட்டைத் தொடங்க வேண்டும். முடிந்த ஒவ்வொரு திட்டத்தின் முதல் மதிப்பீட்டையும் இறுதிக் கணக்கையும் அதில் அருகருகே எழுதி வைக்கட்டும். அடுத்த மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன் மேலாளர் அந்த ஏட்டைப் படித்தாக வேண்டும் என்பதை நிறுவனங்கள் விதியாகவே ஆக்க வேண்டும்.