செய்யாமல் விட்டவை

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் பாவ அறிக்கை செய்கிறோம். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் இழைத்த குற்றங்களோடு, கடமையில் தவறியதையும் அங்கே ஏற்றுக்கொள்கிறோம். முதல் மூன்றையும் ஆய்ந்து பார்க்கும் நம் மனச்சான்று நான்காவதைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறது. அதைக் கடக்க இயலாமற்போன ஒரு படைத்தலைவரின் வரலாறு இது.

ரோமியோ டலேர் 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர். தந்தை கனடா நாட்டுப் படைவீரர். தாய் டச்சுச் செவிலியர். மாண்ட்ரியல் நகரில் கத்தோலிக்கராக வளர்ந்த அவர், கனடாவின் பீரங்கிப் படையில் அதிகாரியாகிப் படிப்படியாக உயர்ந்தார். 1993 ஆகஸ்டில், ருவாண்டா அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையே அருஷாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. அதைக் காக்கச் சென்ற ஐ.நா. அமைதிப்படைக்கு அவரே தலைவரானார்.

1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயார்க்குக்கு ஓர் அவசரச் செய்தி அனுப்பினார். தலைநகர் கிகாலியில் ஆயுதங்கள் பதுக்கப்பட்டுள்ளன. டுட்ஸி மக்களை அழிக்கத் திட்டம் உருவாகிறது. ஆயுதங்களைக் கைப்பற்றப் போகிறேன் என்பது அதன் சாரம். அவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தில் அது அடங்காது என்று தலைமையகம் தடுத்துவிட்டது.

ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உடனே கொலைவெறி கட்டவிழ்ந்தது. மறுநாள் பெல்ஜிய அமைதிப்படையினர் 10 பேர் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையைத் திரும்பப் பெற்றது. 5,000 வீரர் இருந்தால் படுகொலையைத் தடுக்கலாம் என்றார் டலேர். பாதுகாப்பு அவையோ, ஏறத்தாழ 2,500 பேராக இருந்த படையை 270 ஆகக் குறைக்க ஏப்ரல் 21 அன்று முடிவு செய்தது. டலேரும் அவருடைய துணைத்தலைவரான கானா நாட்டு ஹென்றி அனியிடோஹோவும் வெளியேற மறுத்து, ஏறத்தாழ 450 வீரர்களோடு தங்கினர். பல்லாயிரம் உயிர்கள் அவர்களால் காக்கப்பட்டன. ஆயினும் 100 நாள்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் மாண்டனர்.

குருவாகிய நான் ஒன்றை மறைத்தல் ஆகாது. ந்யாமாட்டா, ந்டராமா ஆலயங்களில் அடைக்கலம் தேடிய மக்கள் அங்கேயே வெட்டி வீழ்த்தப்பட்டனர். மக்களோடு மடிந்த குருக்களும் துறவியரும் உண்டு. கொலைஞருக்குத் துணைநின்றோரும் உண்டு. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்காக மன்னிப்பு வேண்டினார்.

நாடு திரும்பிய டலேருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, உறக்கம் கிடைக்கவில்லை. மனக்காயத்தின் காரணமாக 2000இல் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே ஒரு பூங்கா இருக்கையில், மதுவும் மருந்தும் கலந்த மயக்கத்தில் கண்டெடுக்கப்பட்டார். பல முறை தற்கொலைக்கும் முயன்றவர் அவர்.

அந்தப் பள்ளத்திலிருந்து மெல்ல எழுந்தார். ருவாண்டாவுக்கான பன்னாட்டு நீதிமன்றத்தில் 1998இல் சாட்சி சொன்னவர், 2004இலும் சாட்சி சொன்னார். தாம் கண்டவற்றை 2003இல் நூலாக்கினார். 2005 முதல் 2014 வரை கனடா மேலவையில் உறுப்பினராக இருந்தார். சிறுவர்களைப் படையில் சேர்க்கும் கொடுமைக்கு எதிராக ஓர் அமைப்பை நிறுவினார். படைவீரரின் மனநோய் கோழைத்தனமன்று என்பதைத் தம் வாழ்வையே சான்றாக்கி எடுத்துரைத்தார்.

அவர் குற்றவாளியா? இயலாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது அறநெறி இறையியலின் பாடம். அந்த அளவுகோலின்படி அவர்மீது குற்றமில்லை. ஆனால், இயன்றும் செய்யாதவர்கள் ஆண்டுகள் பல கடந்தபின் வருத்தம் தெரிவித்து அமைதியடைய, இயன்றதைச் செய்தவரே மார்பில் அறைந்துகொண்டார். மனச்சான்று உயிரோடிருப்பவனுக்கே வலிக்கிறது போலும்.

நல்ல சமாரியர் உவமையில் வரும் குருவும் லேவியரும் அந்த மனிதனை அடிக்கவில்லை. விலகிப் போனார்கள், அவ்வளவே. அடுத்த திருப்பலியில் 'கடமையில்' என்ற சொல் வரும்போது நாம் சற்றே நின்று, நாம் விலகிப் போன வழிகளை நினைத்துப் பார்ப்போமா?